நீலம் போடாத கிழங்கு

போகிக்கு முதல் நாள் காலை, கும்மிடிப்பூண்டியில் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கன்னியம்மாவிடமிருந்து போன் வந்தது. அவள் எனக்குப் போன் செய்கிறவள் அல்ல. பெயரைப் பார்த்ததுமே எடுத்துவிட்டேன்.

"அக்கா பூட்டாங்க" என்றாள்.

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு அக்காதான். விடிந்ததும் தோட்டத்துக்குப் போனவர் குனிந்தவாக்கிலேயே சாய்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டு, நெஞ்சு நின்று நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "கெழங்கு தோண்டியாச்சா?" பக்கத்து சீட்டுப் பெண் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சாவுச் சேதி கேட்டவள் கிழங்கு விசாரிக்கிறாளே என்று நினைத்திருப்பாள். கன்னியம்மாவுக்கு அந்தக் கேள்வி வினோதமாகப் படவில்லை. "நேத்தே தோண்டிட்டாங்க. பின்னால கொட்டாயில பரப்பி வெச்சிகீறாங்க. இன்னும் நீலம் போடல. நான் அங்கயேதான் குந்திக்கினுகீறேன். நீங்க வந்துடுங்க" என்றாள்.

எஸ்தர் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புரியும். காக்களூர் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் பலர் இப்போது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி என்று சிதறிக் கிடக்கிறோம். அடக்கத்துக்கு வர முடியாத அவர்களுக்காகவும், அக்காவைப் பார்த்தே இராதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

எங்கள் கம்பெனி பெரிய இடமில்லை. காக்களூர் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஒரு தகரக் கொட்டகை. மூலிகை விதைகளும் வேர்களும் மூட்டை மூட்டையாக வரும். சலித்து, தரம் பிரித்து, மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவோம். வருவதில் முக்கியமானது செங்காந்தள் விதை. எங்கள் பக்கத்தில் கார்த்திகைப் பூ என்றால்தான் தெரியும். பூவைப் பார்த்தால் சட்டென்று அடுப்புத் தீ நினைவுக்கு வரும். அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் ஆறு இதழ்கள் மேலே பார்த்து நெளியும். விதையில் தொடங்கிக் கிழங்கு வரை அத்தனையும் விஷம். அதே விதையிலிருந்துதான் மூட்டில் உப்புத் தேங்கி வீங்கும் நோய்க்கு மாத்திரை செய்கிறார்கள். என் மாமனாரின் கால் கட்டைவிரல் அந்த மாத்திரையில்தான் அடங்கியது. அதனால் அந்தச் செடியை நான் ஒரேயடியாகத் திட்டமாட்டேன்.

எஸ்தர் அக்கா எங்கள் செக்‌ஷனுக்கு மூத்தவர். மதியம் மணி அடித்ததும் கதவை மறித்துக்கொண்டு நிற்பார். "கைய காட்டு" என்பார். இரண்டு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். நகக்கண்ணில் தூசி தெரிந்தால் மறுபடியும் சோப்புப் போட அனுப்பிவிடுவார். டிபன் பாக்ஸை அதுவரை திறக்க முடியாது. புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், சாம்பிள் பார்த்த கையோடு எங்கள் பக்கம் வந்து யாரோ நீட்டிய அதிரசத்தை எடுக்கப் போனார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சார், கைய காட்டுங்க." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் காட்டினார். அதற்குப் பிறகு அவர் அதிரசம் தின்ன எங்கள் பக்கம் வந்ததாக ஞாபகமில்லை.

கோபம் மூக்குக்கு மேலே வரும் பெண்மணி. அன்பாகப் பேசினாலும் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கும்போதுகூட, "புடி, துன்னு, மீதி வெச்சா ஒதைப்பேன்" என்றுதான் கொடுப்பார்.

அவர் வீடு ஏரிப்பக்கம். பின்னால் கொஞ்சம் செம்மண் நிலம் இருந்தது. அவருடைய மாமனார் கூலிக்கு நாற்று நட்டே காலம் கழித்தவர். வாழ்நாளில் அவர் பெயரில் இருந்த மண் அது ஒன்றுதான். அக்காவின் கணவர் தேவராஜ் அண்ணன் லேத் பட்டறைக்காரர், மண்ணைத் தொடாதவர். "கம்பெனிக்கு வர்ற வெதைய நாமே வெளைய வெச்சா இன்னா?" என்று அக்காதான் ஆரம்பித்தார். விதை கொண்டுவரும் திண்டுக்கல் பக்கத்து வியாபாரியிடம் சொல்லி விதைக்கிழங்கு வரவழைத்தார்.

கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்திருக்கும். முளை வருவது நுனியில் மட்டும்தான். நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. அதனால் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தாங்கித் தாங்கி நடுவார். எங்கள் பக்கம் ஐப்பசியில் மழை கொட்டினால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே மண்ணை அணைத்து மேடு கட்டி, நடுவே வாய்க்கால் வெட்டிவிடுவார். கொடி ஏறக் குச்சியும் கம்பியும். இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பூத்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. இந்தப் பூவில் சூல்முடி ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும், மகரந்தம் தானாகப் போய்ச் சேராது. காலையில் கையுறை மாட்டிக்கொண்டு, பூப்பூவாகத் தொட்டு ஒட்டவைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். இலையைத் தின்னக் கறுப்பும் சிவப்புமாக ஒரு புழு வரும். அதைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "வெசத்த துன்னுட்டு எப்டி கொழுத்துகீது பாரு, நம்ம சூப்பர்வைசர் மாதிரி" என்பார். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தாலும் இதைச் சொல்வார்.

அறுவடை முடிந்து செடி காய்ந்ததும் மார்கழிக் கடைசியில் கிழங்கைத் தோண்டி, அழுகியதைப் பிரித்து, நல்லதை நிழலில் உலர்த்தி வைப்பார். அடுத்த ஆனி, ஆடியில் மறுபடி நடுவார். வேறு இடங்களில் கிழங்கை மண்ணிலேயே வருஷக்கணக்காக விட்டுவிடுவார்களாம். எங்கள் ஏரி ஈரத்துக்கு அது தாங்காது என்று அவர் வருஷாவருஷம் தோண்டினார்.

மார்கழிக் கடைசி என்பதை நினைவில் வையுங்கள். ஊரெல்லாம் பொங்கலுக்குக் கிழங்கு வாங்குகிற நேரம் அது.

கொரோனா வருவதற்கு முந்தைய வருஷப் பொங்கல். அவசரமாக ஒரு லோடு போக வேண்டும் என்று எங்களில் சிலரைப் பொங்கல் அன்றும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவும் போனார், நானும் போனேன். அவர் தோண்டிய கிழங்கெல்லாம் பின்கொட்டகையில் சாக்கின்மேல் உலர்ந்துகொண்டிருந்தது. தேவராஜ் அண்ணன் முதல் நாள் பொன்னேரி சந்தையிலிருந்து சர்க்கரைவள்ளி வாங்கி வந்து, அதே கொட்டகையில் அந்தச் சாக்குக்குப் பக்கத்திலேயே கொட்டி வைத்திருந்தார். இரண்டிலும் செம்மண் அப்பியிருந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா பள்ளிப்பட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவர்கள் வீட்டில் பொங்கலுக்குப் பலவகைக் கிழங்கு போட்டுப் புளிக்குழம்பு வைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதில் ஒரு தூக்கு சுவர் தாண்டி எஸ்தர் அக்கா வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் கேக் அந்தப் பக்கம் போகும், பொங்கல் குழம்பு இந்தப் பக்கம் வரும். அன்று அவளுக்கு வள்ளிக்கிழங்கு போதவில்லை. சுவருக்கு மேலே எட்டிக் கேட்டாள். தேவராஜ் அண்ணன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "பின்னால கொட்டாயில கொட்டி வெச்சிகீறேன், வேணுங்கறத எடுத்துக்கோம்மா" என்றார்.

அவள் கார்த்திகைப் பூவை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அது விஷம் என்றும் அவளுக்குத் தெரியும். அதன் கிழங்கை ஒருநாளும் பார்த்ததில்லை. அது மண்ணுக்குள் இருப்பது, பார்க்கிற வேலை அவளுக்கு வாய்க்கவில்லை. இரண்டு குவியலிலிருந்தும் கைக்கு வந்ததை அள்ளிப்போனாள்.

கன்னியம்மாவின் கணவர் முருகனுக்குக் கிழங்கு பிடிக்காது, குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார். பிள்ளைகள் பள்ளிப்பட்டில் பாட்டி வீட்டில் இருந்தார்கள், அது அவர்கள் செய்த புண்ணியம். தேவராஜ் அண்ணனுக்குக் கிழங்கென்றால் உயிர். தூக்கைக் காலி செய்துவிட்டு, "இன்னும் ரெண்டு கெழங்கு போடும்மா, லேசா கசந்தாலும் நல்லாத்தான்கீது" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். கன்னியம்மா சட்டியில் தனக்கென்று வைத்திருந்ததை வழித்துக் கொடுத்துவிட்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். அப்படித்தான் அவள் பிழைத்தாள்.

சாயங்காலம் அக்காவோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வாந்தி நாற்றம். அண்ணன் கூடத்தில் சுருண்டு கிடந்தார். அக்கா அவரைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், நேராகக் கொட்டகைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "மல்லிகா, ஆட்டோ" என்றார் என்னிடம். திருவள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோனோம். அவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். காணும் பொங்கல் அன்று விடியலில் அண்ணன் போய்விட்டார். குழம்பு மட்டும் சாப்பிட்ட முருகன் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். ஆனால் சில நாளில் தலைமுடி முழுக்கக் கொத்துக் கொத்தாக உதிர்ந்துபோனது. பிறகு முளைத்தது. முடி முளைத்துவிடும்.

போலீஸ் வந்தபோது அண்ணனின் தம்பிமார்கள் கன்னியம்மாவைப் பார்த்துக் கத்தினார்கள். சோற்றில் விஷம் வைத்தவள், உள்ளே தள்ளுங்கள் என்றார்கள். அவள் தன் வீட்டு வாசற்படியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போவதுதான் நியாயம் என்று அவளும் நினைத்தாள் போலிருக்கிறது. அடக்கம் முடிந்து வந்த சேலையோடு எஸ்தர் அக்கா எழுந்து வந்தார்.

"சார், அவ சமைச்சா. அவ்ளோதான். பயிர் வெச்சது நானு. இது இன்னான்னு எம்புருசனுக்குச் சொன்னேன், புள்ளைக்குச் சொன்னேன், கம்பெனில நாப்பது பேருக்குச் சொன்னேன். சொவத்துக்கு அந்தாண்ட இருக்கறவளுக்குச் சொல்லல. எழுதறதுன்னா அத்த எழுதிக்கோங்க."

ஊர்ப் பெண்களின் கைகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அவர். தன் கொட்டகையிலிருந்த சாக்கைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லத் தோன்றவில்லை. இதைவிடக் கொடுமை ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? அன்று எனக்குக் கடவுள்மேல்கூடக் கோபம் வந்தது. அக்காவிடம் சொன்னேன். "அவர விடு, அவருக்கு ஆயிரம் வேல" என்றார்.

எதுவும் வழக்காகவில்லை, விபத்து என்று முடிந்தது. ஆனால் அக்கா கன்னியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார், இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். அவளோடு அவர் பேசவே இல்லை. ஏன் என்று நான் கேட்டேன். "அவ மேல கோவம் இல்ல மல்லிகா. அவ மொகத்தப் பாத்தா எனக்கு அந்தத் தூக்குதான் தெரியுது. அதுக்கு அவ இன்னா பண்ணுவா, பாவம்" என்றார். கன்னியம்மா தண்ணீர் பிடிக்கக்கூட அக்கா உள்ளே போன பிறகுதான் வெளியே வருவாள்.

அந்த மாசமே அக்கா தோட்டத்தை அழித்தார். ஆள் வைத்து இடுப்பளவு தோண்டிக் கிடைத்த கிழங்கையெல்லாம் எரித்தார். வெட்டிய மண்ணைச் சுவருக்கு அந்தப் பக்கம், கன்னியம்மா வீட்டுப் பள்ளத்தில் கொட்டி மட்டப்படுத்தினார்கள். கம்பியைச் சுருட்டிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார். வெறும் தரையாகக் கிடந்ததைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. முடிந்தது சனியன் என்று நினைத்தேன்.

ஆடியில் ஒரு மழை பெய்தது. மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை, நான் அக்கா வீட்டில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பொங்கலுக்குப் பிறகு அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை.

"அக்கா... இங்க ஒண்ணு மொளச்சிகீது."

எஸ்தர் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். போய்ப் பார்த்தால், கன்னியம்மா அவள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு குச்சியோடு நின்றுகொண்டிருந்தாள். காலடியில் விரல் அளவு ஒரு முளை. சுவரோரம் கொட்டிய மண்ணில் ஒரு துண்டு கிழங்கு தங்கியிருக்கிறது. கோழி கொத்திவிடாமல், பிள்ளைகள் கிட்டே வராமல், அவள் விடிந்ததிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறாள். அக்கா உட்கார்ந்து அந்த முளையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் நிலத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் அங்கங்கே நாலைந்து பச்சை தலைநீட்டியிருந்தது.

"நீ ஏன்டி புடுங்கிப் போடல?" என்றார் கன்னியம்மாவிடம்.

"புடுங்குனா எங்க போடறதுன்னு தெரியலக்கா. யாராச்சும் எடுத்துட்டா?"

அக்கா அழுதது அப்போதுதான். அண்ணன் அடக்கத்தில்கூட நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒப்பாரி இல்லை, சத்தம் இல்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். கன்னியம்மா குச்சியைக் கீழே போடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுபடி செடியைப் பார்த்ததும் தெருவில் கூட்டம் போட்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்று என்றார் ஒருவர், களைக்கொல்லி அடி என்றார் இன்னொருவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, தோன்றாமல் என்ன? அக்கா எல்லாரையும் பேசவிட்டார். பிறகு சொன்னார்: "மேல கருகும். கீழ கீறது கீழயே கெடக்கும். அடுத்த வருசம் எந்த ஊட்டாண்ட மொளைக்கும்னு எனக்கே தெரியாது. இப்போ எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். பாத்துக்கினா அது தோட்டம், பாக்காம வுட்டாதான் அது வெசம். நான் பாத்துக்கறேன்." யாருக்கும் முழுச் சமாதானம் இல்லை. ஆனால் எதிர்த்துப் பேச அந்த வீட்டில் நடந்ததைவிடப் பெரிய துக்கம் வேறு யாரிடமும் இல்லை, வாயை மூடிக்கொண்டு கலைந்துபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் நீலம். துணிக்குப் போடுகிற நீலப்பொடியைக் கஞ்சித்தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, தோண்டிய கிழங்கு ஒவ்வொன்றையும் அதில் முக்கி எடுத்து உலர்த்துவார். முளை நுனியை மட்டும் தண்ணீர் படாமல் பிடித்துக்கொள்வார். பார்க்க விகாரமாக இருக்கும். போர்டு எழுதி மாட்டலாமே என்று நான் கேட்டேன். எங்கள் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் லைன் வீடுகளில் இப்போது பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். "போர்டு போட்டா எந்த பாசைல போடுவ? துன்ற பொருள் எதுவும் நீலமா இருக்காது. எந்த ஊருக்காரன் பாத்தாலும் கைய வெக்க மாட்டான்" என்றார். விதையையும் அப்படித்தான், நெற்று வெடிப்பதற்கு முன்பே பறித்துவிடுவார். உள்ளே விதை செக்கச்செவேலென்று பிள்ளைகளைக் கூப்பிடும். வியாபாரி வரும்வரை அது டிரங்குப் பெட்டியில், சாவி அவர் இடுப்பில்.

நீலத்தையும் அவர் முழுசாக நம்பவில்லை. லைன் வீட்டுக்குப் புதுசாகக் குடி வந்தால், சட்டி பானை இறக்கி முடிப்பதற்குள் அக்கா அங்கே நிற்பார். ஒரு கையில் பூ, ஒரு கையில் நீலக் கிழங்கு. வாயில் வைப்பது போலக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தள்ளிச் சாய்ந்து காட்டுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டார், அவர்களும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். நான் எப்போது போன் செய்தாலும் பேச்சின் முடிவில் அவருக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று சொல்வார்: "யாருக்கு இன்னும் சொல்லல?" கொரோனாவில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்தேன். அவர் வேறு வேலை தேடவில்லை. அந்தச் செடியே அவருக்கு வேலையாகிவிட்டது.

கன்னியம்மாவைக் கிழங்கைத் தொட மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. அவளாகவும் கேட்டதில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவள் வீட்டில் எந்தக் கிழங்கும் வாங்குவதில்லை.

கன்னியம்மாவின் போன் வந்த அன்று, பெரியபாளையம் வழியாக பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டேன். பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினோம். கன்னியம்மாவைக் காணவில்லை. இருபது வருஷம் பக்கத்து வீடு, கடைசிப் பயணத்துக்கு வரவில்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. சாவு வீட்டில் சண்டை வேண்டாமென்று விழுங்கிக்கொண்டேன்.

மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். அவள் அங்கேதான் இருந்தாள். சாக்கின்மேல் கிழங்கு பரப்பியிருந்தது, கழுவி உலர்ந்து, பார்க்கச் சாதுவாக, வள்ளிக்கிழங்கு போல. சாவுக்கு வந்த சனம் பின்னால் வந்து போகிற இடம் அது. பிள்ளைகள் ஓடுகிற இடம். நாளை போகி, மறுநாள் பொங்கல். காலையிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு குச்சி.

"மண்ணு போடக்கூட போகல" என்றாள். "போயிருந்தா அக்கா திட்டியிருப்பாங்கல்ல?"

"திட்டியிருப்பாங்க" என்றேன்.

அக்காவின் மகன் சாமுவேல் எங்கள் பின்னாலேயே வந்தான். ஒரகடத்தில் வேலை, குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான். அப்பா இறந்தபோது காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன். அவன் கன்னியம்மாவோடு பேசி நான் பார்த்ததில்லை. கிழங்கைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்: "ஆன்ட்டி, ஜெபக் கூட்டமெல்லாம் முடிச்சிட்டு ஜேசிபி வுட்டு மொத்தமா வாரிடலாம்னு பாக்கறேன். எங்கம்மாவும் இல்ல. இத்த வெச்சிக்கினு யாரு அல்லாடறது?"

அவன் சொன்னதில் தப்பு என்ன? அவன் அப்பாவை எடுத்தது அது.

"வாரற மண்ண எங்க கொட்டுவ?" என்று கன்னியம்மா கேட்டாள். தலையை நிமிர்த்தவில்லை. "லாரிக்காரன் எங்கனா கொட்டுவான். அங்க மொளைக்கும். அங்க கீறவங்களுக்கு இது இன்னான்னு தெரியாது, சாமு. எனக்கு அன்னிக்குத் தெரியாத மாதிரி."

அவன் அப்போதுதான் கிழங்கைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்கயே இருக்கட்டும்ப்பா. நான் பாத்துக்கறேன். நீ வோணான்னா வோணாம்."

ஊரில் யார் வேண்டுமானாலும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம், இவள் சொல்வதைக் கேட்க அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? பிறகு வீட்டுக்குள் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவன் கையில் நீலப்பொடி டப்பா, கஞ்சி கரைக்கிற பேசின், அவன் அம்மாவின் ரப்பர் கையுறை. பேசினை என் பக்கம் வைத்தான். கையுறையை மட்டும் கன்னியம்மாவிடம் நீட்டினான். நீட்டிய கையை அவள் வாங்கும்வரை இறக்கவில்லை.

அவள் மாட்டிக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. எனக்கு வேறு கையுறை இல்லை, பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டேன். நான் கரைத்துக் கொடுத்தேன், அவள் முதல் கிழங்கை எடுத்தாள். "இதானாக்கா மொளை?" என்று நுனியைக் காட்டிக் கேட்டாள். ஆமாம், அதைத் தண்ணீரில் விடாதே என்றேன். அத்தனையையும் முக்கி முடிக்கும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. சாக்கு முழுக்க நீலம். அழகே இல்லை, எனக்கு அழுகை வந்தது. எஸ்தர் அக்கா செத்துப்போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது.

பின்வரிசை லைன் வீட்டில் ஒரு குடும்பம் அன்றைக்குத்தான் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. வடக்கத்தி ஆட்கள். சாவு வீடு என்று தெரிந்து, சத்தம் வராமல் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இவங்களுக்கு அக்கா சொல்லல" என்றாள்.

கையுறையைக் கழற்றவில்லை. உலர்ந்த நீலக் கிழங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வாயருகே கொண்டுபோவது போலக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் சாய்ந்து காட்டியதை நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன். அவள் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் ஊருக்குத் திரும்பும்போது, ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்று சாமுவேல் சொன்னான். அக்காவின் சேலை, பைபிள், கண்ணாடி எல்லாம் கட்டிலின்மேல் இருந்தன. ஒன்றும் வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து எனக்குச் சேர வேண்டியது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறும்போதும், கேண்டீனில் சோற்றில் கை வைக்கும்போதும், பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும்போதும் அது வந்து நிற்கிறது: யாருக்கு இன்னும் சொல்லல?

கார்த்திகையில் வேலியோரம் தீ மாதிரி ஒரு பூவைப் பார்த்திருப்பீர்கள். அதன் கிழங்கு வள்ளிக்கிழங்கு போலவே இருக்கும். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.